மாமிக்கு வயிற்றோட்டம், மகளுக்கு வயிற்றுளைவு: வைத்தியசாலையில் இருந்து வந்த ஒரே தொற்றா?

உப்புவெளி வாசகி:

வணக்கம். திருகோணமலை உப்புவெளிப் பக்கத்தில் கணவரின் குடும்பத்தோடு ஒரே வளவில் வசிக்கிறோம். மாமிக்கு எழுபது வயது கடந்துவிட்டது. நீண்டகால நீரிழிவுக்காரர். காலில் பட்ட காயம் சீழ்பிடித்து வீங்கியதால் வைத்தியசாலையில் அனுமதித்தோம். அங்கே செஃப்ட்ரியாக்சோன், கிளிண்டாமைசின் என்ற இரண்டு அன்டிபயோட்டிக்குகளை ஊசி வழியாக ஏற்றினார்கள். கால் தேறி வீட்டுக்கு வந்த பின்னரும் மாத்திரையாக ஒன்று தொடர்ந்தது. வயிற்றெரிவுக்கு ஒமெப்ரசோலும் எடுத்து வருகிறார். மாத்திரைகள் முடியும் தறுவாயில் வயிற்றோட்டம் பிடித்துக்கொண்டது. தண்ணீராக, இரவு பகல் பாராமல், வழக்கத்தில் இல்லாத ஒரு நாற்றத்தோடு போகிறது. அடிவயிற்றில் நோவும் இலேசான காய்ச்சலும் இருக்கின்றன, ஆனால் இரத்தம் இல்லை.

இதற்குள் தரம் மூன்றில் படிக்கும் என் மகளுக்குத் திடீரென்று காய்ச்சல் கொதித்து, வயிற்றை முறுக்கி, சளியும் இரத்தமும் கலந்து சிறிது சிறிதாகப் போகத் தொடங்கியது. பிள்ளையை வைத்தியரிடம் காட்டிவிட்டோம். மலத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம்.

கணவரின் அக்கா, இது மாமி வைத்தியசாலையில் இருந்து கொண்டுவந்த கிருமி, பிள்ளைக்கும் தொற்றிவிட்டது என்று உறுதியாகச் சொல்கிறார். பக்கத்து வீட்டாரோ, மார்கழி மழைக்கு வெள்ளம் ஏறிய கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்கிறார்கள். எங்கள் கிணற்றுக்கும் அவர்களுடைய மலசலகூடக் குழிக்கும் இடையில் அதிக தூரம் இல்லை என்பதும் உண்மைதான். இருவரையும் நான்தான் கழுவித் துடைத்துப் பார்க்கிறேன், சமையலும் நான்தான். ஒவ்வொரு முறையும் கைக்குச் சனிட்டைசர் பூசிக்கொள்கிறேன். வைத்தியசாலையில் இப்படியான வயிற்றுத் தொற்று பரவுவது உண்மையா? பிள்ளைக்கு வந்தது அதுவேதானா? வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

---

பழைய விடுதித் தாதி:

தங்கச்சி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாமியை நாளைக்குத் தள்ளிப்போடாமல் இன்றே வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வயது, நீரிழிவு, அண்மையில் எடுத்த அன்டிபயோட்டிக், தண்ணீராய்ப் போகும் வயிற்றோட்டம் ஆகிய நான்கும் ஒன்றாக வந்தால், எத்தனை நாளாக என்னென்ன மருந்து ஏற்றப்பட்டது என்று எழுதிய நோய் நிர்ணய அட்டையைக் கையோடு எடுத்துச் செல்வது மிக முக்கியம். வயிற்றோட்டத்தை நிறுத்துவதற்கென்று பாமசியில் கேட்டு லோபெரமைட் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். மாமியின் நிலையிலும் அது ஆபத்து, இரத்தம் போகும் பிள்ளைக்கும் அது ஆபத்து.

நான் பல ஆண்டுகள் மருத்துவ விடுதியில் வேலை செய்தவள். நீங்கள் விவரித்ததைப் படித்தவுடன் எனக்கு நினைவுக்கு வந்தது குளோஸ்ட்ரிடியோயிடிஸ் டிஃபிசில் என்ற பக்டீரியா, விடுதிப் பேச்சில் சீ-டிஃப். அன்டிபயோட்டிக், நோயை உண்டாக்கும் கிருமியோடு சேர்த்துக் குடலில் வழக்கமாகக் குடியிருக்கும் நல்ல பக்டீரியாக்களையும் அழித்துவிடுகிறது. அந்த வெற்றிடத்தில் சீ-டிஃப் பெருகி, ஏ, பீ எனப் பெயரிடப்பட்ட இரண்டு நச்சுப்பொருட்களைச் சுரந்து பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. கிளிண்டாமைசின், மாமிக்கு ஏற்றிய செஃப்ட்ரியாக்சோன் அடங்கிய செஃபலோஸ்போரின் வகைகள், சிப்ரோஃப்ளொக்சசின் போன்றவை இதற்குப் பேர்போனவை. மருந்து எடுக்கும் நாட்களிலும் வரலாம், நிறுத்திச் சில வாரங்கள் கழித்தும் வரலாம்.

பரவும் விதம்தான் பொல்லாதது. இந்தக் கிருமி குடலிலேயே வித்தி என்னும் தடித்த ஓடு கொண்ட வடிவத்துக்கு மாறி, மலத்தோடு வெளியேறிக் கட்டிற் சட்டம், கதவுப்பிடி, பெட்பான், சக்கர நாற்காலி, இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டி என எங்கும் மாதக்கணக்கில் கிடக்கும். சனிட்டைசரில் உள்ள அற்ககோல் அந்த ஓட்டை ஒன்றும் செய்யாது. ஆகவே நீங்கள் பூசிக்கொள்ளும் சனிட்டைசரால் மாமியின் விடயத்தில் பயனில்லை. சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில், விரலிடுக்கும் நகக்கண்ணும் படத் தேய்த்துக் கழுவுங்கள். அது வித்தியைக் கொல்வதில்லை. கையிலிருந்து உரசி அகற்றித் தண்ணீரோடு அனுப்பிவிடுகிறது, நமக்கு அது போதும்.

எங்கள் ஊர் விடுதிகளில் நோயாளியோடு துணைக்கு நிற்பவர் ஒருவர் இருப்பார். அவர் அம்மாவைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போய்க் கழுவிவிட்டு வந்து, கையை ஒருதரம் தண்ணீரில் அலசிவிட்டு, அதே கட்டிலின் ஓரத்தில் அமர்ந்து வீட்டிலிருந்து வந்த சோற்றுப் பார்சலைப் பிரிப்பார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் அன்போடு ஒரு பிடி கொடுப்பார். இதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஒருவரையும் குற்றம் சொல்ல மனம் வராது. கை கழுவும் தொட்டி விடுதியின் ஒரு மூலையில், நோயாளி மற்ற மூலையில். சவர்க்காரம் காலையில் வைத்தால் மாலையில் இருக்காது.

---

கிண்ணியா ஆசிரியர்:

சகோதரி, எல்லாவற்றுக்கும் ஆஸ்பத்திரியைக் குற்றம் சாட்டுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. மழை விட்டு வெயில் ஏறும் காலத்தில் எங்கள் பக்கத்திலும் மூதூர்ப் பக்கத்திலும் வீட்டுக்கு வீடு இதே கதைதான். என் உம்மா ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காதவர், அவருக்கும் வந்தது. மணல் நிலம், நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில், குழியும் கிணறும் அருகருகே. இதில் சீ-டிஃப் என்றெல்லாம் வெளிநாட்டு நோய்களைத் தேடிப் போகத் தேவையில்லை என்பது என் எண்ணம். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். தயிரும் மோரும் கொடுங்கள், போன நல்ல கிருமிகள் திரும்பிவிடும்.

---

நுண்ணுயிர் ஆய்வுகூடம்:

தாதி அக்கா சொன்னதும் ஆசிரியர் சொன்னதும் வெவ்வேறு நோய்களைப் பற்றியவை. ஒரே வீட்டில், ஒரே வாரத்தில், ஒரே அறிகுறி என்றதும் ஒரே காரணத்தைத் தேடுவது இயல்புதான். ஆனால் விவரங்களைக் கவனித்தால் இந்த வீட்டில் இரண்டு கிருமிகள் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். நான் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளராக வேலை செய்கிறேன். நோயைத் தீர்மானிப்பது வைத்தியரின் வேலை, நான் கிருமியின் பக்கத்தில் நின்று பேசுகிறேன்.

பிள்ளைக்குக் காய்ச்சல், முறுக்கு, சளியோடு இரத்தம், சிறிது சிறிதாக அடிக்கடி போதல். இது வயிற்றுளைவு, அதற்கு முதல் சந்தேகம் ஷிகெல்லா. ஷிகெல்லா நோயுண்டாக்கப் பத்து முதல் நூறு கிருமிகளே போதும், இதை மனதில் ஆழமாகப் பதித்துக்கொள்ளுங்கள். வாந்திபேதிக் கிருமியான விப்ரியோ கொலரே, இரைப்பை அமிலம் சரியாக உள்ள ஒருவரை வீழ்த்த இலட்சக்கணக்கில், சில வேளை கோடிக்கணக்கில் உள்ளே போக வேண்டும். அதனால் அதற்குத் தண்ணீரோ உணவோ போன்ற பெரிய வாகனம் தேவைப்படுகிறது. ஷிகெல்லாவுக்கு ஒரு பிள்ளையின் நகக்கண்ணே போதுமான வாகனம். மனிதக் குடலை விட்டால் அதற்கு வேறு வீடு கிடையாது. ஆட்டிலோ மாட்டிலோ கோழியிலோ அது வாழ்வதில்லை, ஒரு மனிதரிடமிருந்துதான் இன்னொரு மனிதருக்கு வர வேண்டும். தொற்றியதிலிருந்து நோய் வெளிப்படப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாட்கள். ஆகவே பிள்ளைக்குக் காய்ச்சல் தொடங்குவதற்கு முந்திய சில நாட்களில் அவள் யாரோடு விளையாடினாள், எந்தக் கழிப்பறைக்குப் போனாள், யாருடைய சாப்பாட்டுப் பெட்டியில் கை வைத்தாள் என்று விசாரியுங்கள். வகுப்பில் வேறு பிள்ளைகள் வராமல் நின்றார்களா என்றும் கேளுங்கள்.

மாமியின் விடயத்தில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. சாதாரணமாக மலத்தைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்குக் கொடுத்தால் நாங்கள் தேடுவது சல்மொனெல்லாவையும் ஷிகெல்லாவையும்தான். எக்ஸ்.எல்.டி. என்ற சிவப்பு நிற வளர்ப்பூடகத் தட்டில் மலத்தைக் கோடிழுத்து ஓரிரவு வெப்பப்பெட்டியில் வைப்போம். மறுநாள் தட்டைத் திறக்கும்போது குடலில் வழக்கமாக இருக்கும் ஈ-கோலி பக்டீரியா மஞ்சளாகப் பரந்திருக்கும். ஷிகெல்லா சிவப்பாக, சிறிதாகத் தனித்து நிற்கும். சல்மொனெல்லா சிவப்பின் நடுவே கறுப்புப் புள்ளி வைத்ததுபோல் இருக்கும். சீ-டிஃப் இந்தத் தட்டில் முளைக்கவே முளைக்காது. அதற்கு ஒட்சிசன் ஆகாது. தனி ஊடகத்தில், ஒட்சிசன் அகற்றிய கலத்தில் வளர்த்தால்தான் வரும், வந்தால் மூடியைத் திறந்ததும் குதிரை லாய நாற்றம் அடிக்கும். நடைமுறையில் யாரும் வளர்த்துக் காத்திருப்பதில்லை. மலத்தில் நச்சுப்பொருள் உண்டா, நச்சை உருவாக்கும் மரபணு உண்டா என்றே பார்க்கிறார்கள். அந்தப் பரிசோதனை எல்லா ஆய்வுகூடத்திலும் கிடைக்காது, வைத்தியர் தனியாக எழுதிக் கேட்க வேண்டும். ஆகவே ‘கல்ச்சரில் ஒன்றுமில்லை’ என்ற அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு மாமிக்கு ஒன்றுமில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆசிரியர் ஐயா சீ-டிஃபை வெளிநாட்டு நோய் என்கிறார். அன்டிபயோட்டிக் எங்கே தாராளமோ அங்கே அது உள்நாட்டு நோய்தான். அதேவேளை அது வைத்தியசாலைக்குள்ளேயே உற்பத்தியாகி வைத்தியசாலைக்குள்ளேயே பரவுகிறது என்ற கருத்தும் முழு உண்மை அல்ல. இங்கிலாந்தின் ஒக்ஸ்ஃபோர்ட்ஷயரில் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து வந்த நோயாளிகள் ஆயிரத்துக்கும் அதிகமானோரிடம் கிடைத்த சீ-டிஃபின் முழு மரபணுத்தொகையையும் வாசித்து, யாருடைய கிருமி யாரிடமிருந்து வந்தது என்று ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வில், 45 சதவீத நோயாளிகளின் கிருமி அதற்கு முன் வந்த எந்த நோயாளியின் கிருமியோடும் ஒத்துப்போகவில்லை. முந்திய நோயாளி ஒருவரின் கிருமியோடு நெருங்கிய உறவு காட்டியவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மற்றவர்கள் அதை எங்கிருந்து பெற்றார்கள்? அறிகுறி இல்லாமல் குடலில் கிருமியைச் சுமப்பவர்கள், கைக்குழந்தைகள், விலங்குகள், மண் என்று பல மூலங்கள் இருக்கின்றன. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பலர் நோயே இல்லாமல் இதைச் சுமக்கிறார்கள். 1935இல் இந்தக் கிருமியை முதன்முதலில் விவரித்ததே பச்சிளங்குழந்தைகளின் மலத்திலிருந்துதான். அன்டிபயோட்டிக்கால் வரும் கடுமையான பெருங்குடல் அழற்சிக்கு இதுவே காரணம் என்று தெரியவந்தது 1978இல்.

அதாவது, உங்கள் மாமி அந்த வித்தியை விடுதியில் பெற்றிருக்கலாம், அல்லது வீட்டிலிருந்தே குடலில் கொண்டுபோயிருக்கலாம். வித்தி எங்கிருந்து வந்தாலும் அதற்கு வாசலைத் திறந்துவிட்டது அன்டிபயோட்டிக்தான். காலைக் காப்பாற்ற அந்த மருந்து அவசியமாக இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. இங்கிலாந்தில் 2007-08 ஆண்டில் 55,000ஐத் தாண்டியிருந்த சீ-டிஃப் நோயாளர் தொகை 2013-14இல் 14,000க்கும் கீழே இறங்கியது. விடுதிகளைக் கழுவித் துடைத்ததற்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் ஃப்ளோரோகுவினொலோன் (சிப்ரோஃப்ளொக்சசின் இந்த வகை), செஃபலோஸ்போரின் வகை மருந்துகளை எழுதுவதைக் கட்டுப்படுத்தியதன் பங்கு பெரிது என்று பின்னர் மரபணு ஆய்வுகளும் காட்டின. நம் ஊரில் தடிமனுக்கும் பாமசியில் மூன்று நாள் அன்டிபயோட்டிக் வாங்கும் பழக்கத்தை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒமெப்ரசோலைப் பற்றியும் வைத்தியரிடம் கேளுங்கள். இரைப்பை அமிலம்தான் விழுங்கிய கிருமிகளுக்கு முதற்காவல். அதைத் தணிக்கும் மாத்திரையைத் தேவையின்றி நீட்டிப்பவர்களிடம் சல்மொனெல்லா, கம்பிலோபக்டர், சீ-டிஃப் ஆகிய மூன்றுமே கூடுதலாகக் காணப்படுகின்றன.

---

உப்புவெளி வாசகி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மாமியைத் திரும்ப அனுமதித்துவிட்டோம். அட்டையைப் பார்த்த வைத்தியர் நச்சுப் பரிசோதனைக்கு எழுதினார், முடிவு வந்துவிட்டது: சீ-டிஃப்தான். அதற்கு வாய்வழியாக வன்கோமைசின் என்ற அன்டிபயோட்டிக் தொடங்கியிருக்கிறார்கள், ஒமெப்ரசோலையும் நிறுத்திவிட்டார்கள். மகளின் கல்ச்சரில் ஷிகெல்லா என்று வந்திருக்கிறது. அவளுடைய வகுப்பில் இன்னும் சில பிள்ளைகள் அதே நாட்களில் வரவில்லையாம், பாடசாலைக் கழிப்பறையில் சவர்க்காரம் வைப்பதில்லை என்று மகளே சொல்கிறாள்.

அப்படியானால் கிணற்றுக்கும் இதற்கும் தொடர்பே இல்லையா? மாமிக்குப் பேத்தியிடமிருந்து ஷிகெல்லா வரக்கூடுமா? மாமியின் நோய் பிள்ளைக்கு வருமா?

---

நுண்ணுயிர் ஆய்வுகூடம்:

அன்டிபயோட்டிக் எடுக்காத ஆரோக்கியமான பிள்ளைக்குச் சீ-டிஃப் நோயாக வெளிப்படும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் இப்போது மகளுக்கு வயிற்றுளைவுக்காக அன்டிபயோட்டிக் கொடுக்கப்பட்டால் அந்த நாட்களில் மாமியின் கழிப்பறையை அவள் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது. மறுதிசையில் ஆபத்து அதிகம். புண்ணான குடலோடு இருக்கும் முதியவருக்கு ஷிகெல்லாவும் சேர்ந்தால் தாங்கமாட்டார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. வைத்தியசாலையையும் கிணற்றையும் பற்றி வீட்டில் எல்லோரும் வாதாடுகிறார்கள். ஆனால் இரண்டு நோயாளிகளையும் கழுவி, அதே கையால் முழுக் குடும்பத்துக்கும் சமைப்பவர் நீங்கள் ஒருவர்தான். இந்த வீட்டில் இரு கிருமிகளும் சந்திக்கக்கூடிய முக்கியமான இடம் உங்கள் கை. குறை சொல்வதற்காக எழுதவில்லை, வேலையைப் பிரியுங்கள் என்பதற்காக எழுதுகிறேன். மாமி வீட்டுக்கு வந்ததும் அவரைப் பார்ப்பவர் ஒருவர், சமைப்பவர் இன்னொருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

---

பழைய விடுதித் தாதி:

இதை நானும் வழிமொழிகிறேன். பெற்ற தாயைக் கழுவ மகனுக்குக் கை கூசத் தேவையில்லை. கணவரிடம் இந்த உரையாடலைக் காட்டுங்கள். கணவரின் அக்காவுக்கும் காட்டலாம்.

மாமிக்குத் தனிக் கழிப்பறை முடியுமானால் ஒதுக்குங்கள். முடியாவிட்டால் அவர் போய்வந்த ஒவ்வொரு முறையும் இருக்கை, தண்ணீர் ஊற்றும் கோப்பை, குழாய்ப்பிடி, கதவுக் கொளுக்கி ஆகியவற்றை முதலில் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, பிறகு குளோரின் கரைசலால் துடையுங்கள். ஐந்து சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் என்றால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 20 மில்லிலீற்றர் கலந்தால் மில்லியனுக்கு ஆயிரம் பங்கு வலிமை கிடைக்கும். உடனே துடைத்துக் காயவிடாமல் சுமார் பத்து நிமிடம் ஈரமாக இருக்க விடுங்கள். அழுக்கின் மேல் நேரடியாக ஊற்றினால் குளோரின் அழுக்கோடேயே செலவாகிவிடும். அமிலம் கலந்த கழிப்பறைத் திரவத்தோடு இதை ஒருபோதும் கலக்காதீர்கள், மூச்சை அடைக்கும் நச்சுவாயு வரும். பம்பஸ் பயன்படுத்தினால் இரட்டைப் பையில் கட்டுங்கள். கழுவிவிடும்போது கையுறை போட்டாலும், கழற்றிய பின் கை கழுவத்தான் வேண்டும். துவாயைத் தனியாக வைத்துச் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் போடுங்கள்.

ஆசிரியர் தம்பி சொன்ன தயிரைப் பற்றி: சாப்பிட முடிந்தால் சாப்பிடட்டும், அது உணவு. ஆனால் அதை மருந்தென்று நம்பி வைத்தியத்தைத் தள்ளிப்போடக் கூடாது. கடைத் தயிரில் உள்ள ஒன்றிரண்டு வகைப் பக்டீரியாவால் குடலில் இருந்த நூற்றுக்கணக்கான வகைகளின் இடத்தை நிரப்ப முடியாது. அதனால்தான் மீண்டும் மீண்டும் சீ-டிஃப் வருபவர்களுக்கு, ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலிருந்து தயாரித்த கரைசலைக் குடலுக்குள் செலுத்தும் சிகிச்சை சில நாடுகளில் நடைமுறைக்கு வந்தது. கேட்க அருவருப்பாக இருக்கும். ஆனால் 2013இல் நெதர்லாந்தில் நடந்த ஒப்பீட்டு ஆய்வில் அது வன்கோமைசினைவிடத் தெளிவாக மேலானது என்று கண்டார்கள். மாமிக்கு இது முதல் தடவை, அந்த அளவுக்குப் போகத் தேவையில்லை. ஆனால் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு அடுத்த சில வாரங்களுக்குள் மீண்டும் வரும். ஆகவே இனி எந்த வைத்தியரிடம் போனாலும், பல் பிடுங்கப் போனாலும், இந்த நோய் வந்ததைச் சொல்லுங்கள்.

பிள்ளைக்கு, இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் ஜீவனிக் கரைசல் கொடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பக்கெற்றில் சொன்ன அளவு கொதித்தாறிய தண்ணீரில் முழுப் பக்கெற்றையும் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் முடியாததை ஊற்றிவிடுங்கள். பிள்ளை குடிக்கவில்லை என்று மேலதிகமாகச் சீனி போடுவது பல வீடுகளில் நடக்கிறது. சீனி கூடினால் வயிற்றோட்டம் கூடும். உப்பும் குளுக்கோசும் சரியான விகிதத்தில் இருந்தால்தான் குடல் தண்ணீரை உள்ளே இழுக்கும். 1971இல் வங்காள அகதி முகாமில் ஊசிமருந்துத் திரவம் தீர்ந்துபோனபோது வைத்தியர் திலீப் மகலனோபிஸ் இதைத்தான் பீப்பாய்களில் கரைத்து, உறவினர்கள் கையாலேயே குடிக்கக் கொடுக்கவைத்து, 30 சதவீதம் வரை இருந்த இறப்பை 4 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார்.

---

முன்னாள் பரிசோதகர்:

பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இந்த மாவட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கிணற்றுக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன், அதற்கு முன் ஒரு நடைமுறை. வயிற்றுளைவு, நெருப்புக்காய்ச்சல், வாந்திபேதி, உணவு நஞ்சாதல் ஆகியவை இலங்கையில் சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய்கள். 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், ஆய்வுகூட முடிவுக்குக் காத்திராமல் சந்தேகம் எழுந்தவுடனேயே வைத்தியர் எச் 544 படிவத்தை நிரப்பிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் பரிசோதகர் உங்கள் படலையைத் தட்டுவார். தனியார் சிகிச்சை நிலையங்களில் இருந்து இந்தப் படிவம் வருவது அரிது. உங்கள் மகளைக் காட்டியது தனியாரிடம் என்றால் நீங்களே பணிமனைக்குத் தகவல் கொடுங்கள், பாடசாலையின் பெயரையும் சொல்லுங்கள். ஒரே வகுப்பில் பல பிள்ளைகள் என்பதுதான் பரிசோதகருக்கு வேண்டிய செய்தி. அதிபருக்கு நீங்கள் சொன்னால் மனஸ்தாபம் வரும், பணிமனை சொன்னால் சவர்க்காரம் வரும்.

சீ-டிஃப் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே அது எங்கள் பதிவேட்டில் ஏறுவதில்லை, ஊரில் அது இல்லை என்ற எண்ணம் வளர்வதற்கு அதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

இனிக் கிணறு. உங்கள் வீட்டு நோய்கள் இரண்டுக்கும் அது காரணமாகத் தெரியவில்லை. கிணறு காரணமென்றால் அதே தண்ணீரைக் குடிக்கும் பெரியவர்களும் பக்கத்து வீட்டாரும் ஒரே காலத்தில் விழுந்திருக்க வேண்டும். அதனால் கிணறு சுத்தம் என்று அர்த்தமில்லை. உப்புவெளி, நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கமெல்லாம் மணல், வடகீழ்ப் பருவமழையில் நிலத்தடி நீர் மேலேறிக் குழியின் அடியைத் தொட்டுவிடும். அனர்த்த நிவாரணப் பணிகளுக்கான ஸ்பியர் வழிகாட்டி, குழிக்கும் நீர்மூலத்துக்கும் இடையே குறைந்தது 30 மீற்றரும், குழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையே 1.5 மீற்றரும் வேண்டும் என்கிறது. பத்துப் பேர்ச் அளவான சிறு காணிகளில் இதற்கு எங்கே போவது? நெருப்புக்காய்ச்சல் கிருமியான சல்மொனெல்லா டைஃபிக்கு இப்படியான கிணறுகள் வசதி. நெருப்புக்காய்ச்சல் வந்து தேறியவர்களில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பேர் பித்தப்பையில் அந்தக் கிருமியைச் சுமந்துகொண்டு, தமக்கே தெரியாமல் நெடுங்காலம் வெளியேற்றிக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒருவருடைய குழி உங்கள் கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்துவிட்டால் போதும்.

வெள்ளம் ஏறிய கிணற்றை முதலில் இறைத்துச் சேற்றை அள்ள வேண்டும், பின்னர் பணிமனை சொல்லும் அளவில் கூடுதல் குளோரின் இட்டுத் திரும்பவும் இறைக்க வேண்டும். அதன் பிறகு வழக்கமான கிருமிநீக்கத்துக்கு ஆயிரம் லீற்றருக்குத் தரமான பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம் என்பது நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. ஒன்றரை மீற்றர் விட்டமுள்ள கிணற்றில் இரண்டு மீற்றர் தண்ணீர் நின்றால் சுமார் 3,500 லீற்றர், அதற்கு 9 கிராம் அளவு. தூளை அப்படியே கொட்டாமல் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கவிட்டு, தெளிந்ததை இன்னொரு வாளிக்கு மாற்றி, அந்த வாளியைக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழும் அசைத்துக் கலக்குங்கள். ஒரு மணி நேரம் கழித்து லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும், பரிசோதகரிடம் உள்ள சிறு கருவியில் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறுவதைப் பார்த்து அளவைச் சொல்வார்கள். திறந்து வைத்த பழைய பவுடரில் வலு இருக்காது. குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைப்பதை எப்படியும் நிறுத்தாதீர்கள்.

ஈயையும் மறக்க வேண்டாம். ஷிகெல்லாவுக்குச் சில கிருமிகளே போதும் என்பதால் குழியில் இருந்து சோற்றுக்குப் பறக்கும் ஈயின் காலே அதைக் கொண்டுவந்துவிடும். இஸ்ரேலிய இராணுவ முகாம்களில் ஈயைப் பிடித்தழித்து மட்டுமே இந்நோயைக் கணிசமாகக் குறைத்ததை 1991இல் வெளியிட்டார்கள். குழியின் காற்றுக்குழாய் வாயில் ஒரு துண்டு வலை கட்டப் பெரிய செலவில்லை.

---

கிண்ணியா ஆசிரியர்:

பயனுள்ள விளக்கம். வெளிநாட்டு நோய் என்று நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் பாடசாலைச் சவர்க்காரத்தைப் பற்றிப் பரிசோதகர் ஐயா சொன்னது அவ்வளவு எளிதல்ல. வைத்தால் பிள்ளைகள் ஒரே நாளில் கரைத்துவிடுகிறார்கள், அல்லது காகங்கள் தூக்கிக்கொண்டு போகின்றன. எங்கள் பாடசாலையில் சவர்க்காரத் துண்டுகளைப் பழைய காலுறைக்குள் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம், அது நிற்கிறது. பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள் சகோதரி.

---

உப்புவெளி வாசகி:

பணிமனைக்குச் சொல்லிவிட்டேன், பரிசோதகர் வந்து போனார். கிணற்றை இறைக்க ஆளும் பேசியாயிற்று. மாமிக்கு இப்போது ஓரளவு இறுகிப் போகிறது. கடைசியாக இரண்டு கேள்விகள். மகளுக்கு எல்லாம் நின்றுவிட்டது, எப்போது பாடசாலைக்கு அனுப்பலாம்? மாமிக்குக் கிருமி முழுதாகப் போய்விட்டதா என்று அறிய மலத்தைத் திரும்பவும் பரிசோதிக்க வேண்டுமா?

---

நுண்ணுயிர் ஆய்வுகூடம்:

வயிற்றோட்டம் முழுதாக நின்று குறைந்தது 48 மணி நேரம் கழிந்த பின் அனுப்பலாம். வைத்தியர் அல்லது பணிமனை அதற்கு மேல் வைத்திருக்கச் சொன்னால் அதன்படி செய்யுங்கள். நோய் நின்ற பிறகும் சில வாரங்கள் மலத்தில் ஷிகெல்லா வெளியேறலாம். எனவே சாப்பாட்டுப் பெட்டியைப் பகிர்வதை அதுவரை நிறுத்தி, கழிப்பறைக்குப் போய்வந்ததும் கை கழுவுகிறாளா என்று பாருங்கள், நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

மாமிக்குத் திரும்பப் பரிசோதிக்க வேண்டாம். வயிற்றோட்டம் நின்றவரின் மலத்தை நாங்கள் சீ-டிஃபுக்குப் பார்ப்பதே இல்லை. குணமான பின்னரும் வாரக்கணக்கில் கிருமி இருக்கும், அறிக்கையிலும் கிருமி உண்டு என்றே வரும். அதைப் பார்த்துப் பயந்து மீண்டும் மருந்து தொடங்கினால், திரும்ப முளைத்துவரும் நல்ல கிருமிகள்தான் அழியும். வன்கோமைசினை வைத்தியர் சொன்ன நாள்வரை கொடுத்து முடியுங்கள். மருந்து முடிந்த பிறகு ஒரே நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணீராகப் போனால் அன்றே அட்டையோடு கொண்டுபோங்கள்.